பேர் போடுகிறவர்கள்: மலையக ஆய்வெழுத்தும் பல்கலைக்கழக நூலகரும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. நாள் முழுக்க வேலை செய்து, தோட்டம் விதித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் வந்து நின்றதும், அட்டைக்கடி பட்டதும், மழையில் நனைந்ததும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறுவது பேர் மட்டுமே. பேர் விழாத நாள் உழைத்தவருக்கு நடந்த நாள். கணக்குக்கு நடக்காத நாள்.

ஆய்வெழுத்துக்கும் இந்த விதி பொருந்தும். ஒரு நூல் அச்சாகியிருக்கலாம். ஓர் ஆய்வேடு பரீட்சகரின் கையெழுத்தோடு அலுமாரிக்குப் போயிருக்கலாம். பட்டியலில் அதன் பேர் சரியாக விழவில்லையென்றால் அடுத்து வரும் ஆய்வாளருக்கு அது இல்லாத நூல்தான். அந்தப் பேரைப் போடுகிறவர் நூலகர். பல்கலைக்கழக நூலகர் ஆய்வெழுத்துக்குச் செய்யும் உதவி என்றதும் மேற்கோள் முறையைத் திருத்துவது, ஒப்புமைச் சோதனை செய்து கொடுப்பது போன்றவையே நினைவுக்கு வருகின்றன. அவை பின்னால் வருபவை. மலையகம் போன்றதொரு புலத்தில் நூலகரின் முதல் உதவி பெயரிடுவது. மற்ற உதவிகளெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

தேடினால் கிடைக்கும் தெமோதரை

பதுளை மாவட்டத்துத் தெமோதரையை இணையத்தில் தேடினால் முதலில் வருவது ரயில். பாதை ஒரு குன்றைச் சுற்றி வந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும் அந்த வளைவு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். 1924இல் பதுளையை எட்டிய மலைநாட்டுப் பாதையின் கதை. பாதைக்கு மேலும் கீழும் பச்சையாய்த் தெரியும் சரிவுகளில் வேலை செய்யும் மனிதர்கள் படத்தில் இருப்பார்கள், விவரத்தில் இருக்கமாட்டார்கள்.

இந்தப் பக்கத்து லயமொன்றில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்த மாணவி ஒருத்தி, பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தன் தோட்டத்துப் பெண்களின் வேலைநேரத்தை எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூலகத்துக்கு வந்து அவள் கேட்கும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும்: “சேர், எங்க தோட்டத்தப் பத்தி ஏதும் இருக்குங்களா?”

எளிய கேள்வி போலத் தோன்றும். நூலகருக்கு இது ஒரு பெயர்ச்சிக்கல். தெமோதரையை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓரிடத்தில் ‘ஏ’ எழுத்து வரும், இன்னோரிடத்தில் ‘ஈ’ எழுத்து வரும். இரண்டையும் போட்டுத் தேடினால்தான் பாதியாவது கிடைக்கும். தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பட்டியலிடும் பெரிய மேலைநாட்டு நூலகங்கள் பின்பற்றுவது அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்த ஒலிபெயர்ப்பு விதியை. அந்த விதிப்படி தகரம் எங்கு வந்தாலும் ‘டீ’ (T) எழுத்துத்தான், ககரம் எங்கு வந்தாலும் ‘கே’ (K) எழுத்துத்தான். ரயில் நிலையப் பலகையில் ‘டி’ (D) எழுத்தில் தொடங்கும் தெமோதரை, அந்தப் பட்டியல்களில் ‘டீ’யில் தொடங்கும். இன்றைய ஆய்வாளர்கள் ‘எச்’ அல்லது ‘ஜி’ போட்டு எழுதும் மலையகம், அங்கே ‘கே’ எழுத்தோடு கிடக்கும். இதை அறியாதவர் மணிக்கணக்காகத் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து போவார். ஒன்றுமில்லை என்பது ஆய்வின் முடிவாகவே எழுதப்பட்டும் விடும்.

தோட்டத்தின் பெயரோ இன்னும் சிக்கல். துரைமார் வைத்த பெயர் ஒன்று, சிங்களக் கிராமத்தின் பெயர் ஒன்று, தொழிலாளர் தம்முள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. காலனித்துவ காலத்தில் வெளிவந்த பெர்குசன் இலங்கைக் கைந்நூல்கள் தோட்டங்களின் தமிழ் வழக்குப் பெயர்களையும் பதிந்து வைத்தன. பிரித்தானியத் தோட்ட நிர்வாகத்துக்கு அந்தப் பெயர்கள் ஆள் திரட்டத் தேவைப்பட்டன. இன்றைய ஆய்வாளருக்கு அவை வேறொன்றுக்கு உதவுகின்றன: பாட்டி சொல்லும் ஊர்ப்பெயரும் நிலப்படத்தின் தோட்டப்பெயரும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்று காட்ட.

தோட்ட மக்களின் பெயரும் நிலையாக இருந்ததில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில் அவர்கள் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனி வகுப்பானார்கள். பின்னர் எஸ்டேட் தமிழர், தோட்டத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலைநாட்டுத் தமிழர், மலையகத் தமிழர் எனப் பெயர்கள் பெருகின. பட்ரிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்பில் இருப்பது ‘தோட்டத் தமிழர்’. டேனியல் பாஸ் 2013இல் எழுதியது ‘மலைநாட்டுத் தமிழர்’ அடையாளம் பற்றி. மைத்ரி ஜெகதீசன் 2019இல் வெளியிட்ட ‘டீ அண்ட் சொலிடாரிட்டி’யின் தலைப்பிலும் துணைத்தலைப்பிலும் இவற்றில் எந்தப் பெயரும் இல்லை, ‘தமிழ்ப் பெண்கள்’ என்றுதான் இருக்கிறது. மூன்றும் ஒரே மக்களைப் பற்றியவை. ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுகிறவருக்கு ஒன்று கிடைத்து இரண்டு தப்பிவிடும்.

ஆகவே அந்த மாணவிக்கு நூலகர் முதலில் எடுத்துத் தருவது நூலல்ல, சொற்பட்டியல்: ஊருக்கு இத்தனை எழுத்துக்கூட்டல், மக்களுக்கு இத்தனை பெயர், கங்காணிக்கும் துண்டு எனும் கடன்சீட்டுக்கும் ஆங்கிலேயர் எழுதிய இத்தனை வடிவம். ஆய்வெழுத்தின் முதல் வரைவு என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

ஒரு மக்கள், பல அலுமாரி

தேடலைத் தாண்டி அலுமாரிக்குப் போனாலும் சிக்கல் தொடரும். நம் நூலகங்கள் பெரும்பாலும் டூயி தசம வகுப்பைப் பின்பற்றுகின்றன. அதில் தேயிலைப் பயிர்ச்செய்கை 633.72. வேளாண்மைத் தொழிலாளர் 331.763. இலங்கை வரலாறு 954.93. தமிழ் இலக்கியம் 894.811. நாட்டார் வழக்காறு 398. மலையகத்தைப் பற்றிய ஒரு முழுமையான வாசிப்புக்கு இந்த ஐந்து இடங்களுக்கும் நடக்கவேண்டும்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது ‘போர்ன் டு லேபர்’ ஓர் அலுமாரிக்குப் போகும். அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் வேறொன்றுக்கு. நாவல்கள் மூன்றாவது இடத்துக்கு. பட்டியலில் அவரது பெயரே ஆங்கிலத்தில் சேர்த்தும் பிரித்தும் இருவிதமாக விழுவதுண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யருக்கும் இதே கதி: நடேசய்யர், நடேச ஐயர், ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு மூன்று வடிவம். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் அத்தியாயத்தை எழுதுகிறவர், அவர் பெயரின் எல்லா வடிவங்களையும் அறியாமல் அந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது.

இன்னொரு சுவையான சங்கடம். மலையகம் பற்றி அச்சேறிய முதல் தமிழ் நூலாக ஆய்வாளர் சுட்டுவது ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, ஆண்டு 1869. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம். பட்டியலிடுகிறவர் இதைக் கவிதை என்று எண்ணினால் இலக்கியத்தோடு சேர்ப்பார். கோப்பிப் பயிர்ச்செய்கை என்று எண்ணினால் உரத்துக்கும் கவாத்துக்கும் பக்கத்தில் வைப்பார். முதல் முடிவு மலையக இலக்கிய வரலாற்றுக்கு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. இரண்டாவது முடிவு அந்தத் தொடக்கத்தை மறைத்துவிடுகிறது. நூல் எண் போடுவது எழுதுவினைஞர் வேலையல்ல, ஆய்வு முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நூலகவியலின் தமிழ்நாட்டு முன்னோடி சீ. இரா. ரங்கநாதன் இதை உணர்ந்தவர். பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல்தான் அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. 1933இல் வந்த அவரது கோலன் பகுப்பு, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து மீண்டும் கோக்கும் முறை. தேயிலை, தொழிலாளர், பெண், ஊவா என்று நான்கு முகமுள்ள ஆய்வை ஓர் எண்ணுக்குள் கொண்டுவரும் சிந்தனை அதில் இருந்தது. நம் அலுமாரிகள் அந்த வழியே போகவில்லை. ஆகவே அந்த வேலையை இன்று நூலகரின் நினைவாற்றலும் பொருட்தலைப்புகளும்தான் செய்யவேண்டியிருக்கிறது.

இரு நூலகர்கள், இரு பாதிகள்

நூலகர் ஆய்வுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இலங்கையில் இரண்டு பெரிய முன்மாதிரிகள் உண்டு.

முதலாமவர் பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எச். ஏ. ஐ. குணதிலக்க. இயன் குணதிலக்க என்று அறியப்பட்டவர். 1970இல் அவரது இலங்கை நூல்விபரப் பட்டியலின் முதலிரு தொகுதிகள் வெளிவந்தன. 1983 வரை ஐந்து தொகுதிகளாக அது வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல் இலங்கையைப் பற்றி எழுதப்பட்டவற்றை நிலம், மக்கள், வரலாறு, பண்பாடு என்று வகுத்துத் தந்த பணி. 1971 ஏப்ரல் கிளர்ச்சி பற்றியும், 1983 ஜூலை வன்முறையும் தேசிய இனப்பிரச்சினையும் பற்றியும் அவர் தனித்தனி நூல்விபரங்கள் தயாரித்தார். நாடு எரிந்து அடங்கும் முன்பே, அதைப் பற்றி யார் எங்கே என்ன எழுதினார்கள் என்று குறித்து வைத்தவர் அவர். இலங்கை பற்றி ஆய்வு செய்த இரண்டு தலைமுறையினர் அந்தத் தொகுதிகளிலிருந்துதான் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தப் பெரும்பணிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அதை அவரே துணைத்தலைப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அது மேலைத்தேய மொழிகளில் வந்தவற்றின் பட்டியல். துரைமார் எழுதியவை, ஆணைக்குழு அறிக்கைகள், ஆங்கில ஆய்வுகள் எல்லாம் அதில் உண்டு. தமிழில் எழுதப்பட்டது அதன் வேலிக்கு வெளியே.

வெளியே நின்ற அந்தப் பாதியைத் தொகுக்க வந்தவர் இன்னொரு நூலகர், என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகராகப் பணியாற்றி லண்டனுக்குப் புலம்பெயர்ந்தவர். அவரது ‘நூல்தேட்டம்’ முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் நூல் என்ற கணக்கில், ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், சிறுகுறிப்பு என்று பதிவுகள். ஹட்டனிலோ கண்டியிலோ சொந்தச் செலவில் சில நூறு பிரதி அச்சிட்ட மலையகக் கவிஞனின் தொகுப்பு, யாழ்ப்பாணத்துப் பேராசிரியரின் நூலுக்குப் பக்கத்தில் அதே அளவு இடத்தோடு அங்கே நிற்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் இதன் அடுத்த படி. நூல்தேட்டம் பேரைப் போட்டது. நூலகம் பக்கங்களையே திரைக்குக் கொண்டுவந்தது. சாரல் நாடனும் அந்தனி ஜீவாவும் எழுதிய மலையக ஆய்வுகளைத் தேடி முன்பு கொழும்பு, கண்டி என்று அலைந்தவர், இன்று தெமோதரை லயத்திலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இன்றைய பல்கலைக்கழக நூலகரின் வேலை. குணதிலக்கவை மட்டும் பார்த்தவர் எழுதும் மலையக வரலாற்றில் தொழிலாளி பேசப்படுகிற பொருள். நூல்தேட்டத்தையும் பார்த்தவர் எழுதினால் அவர் பேசுகிறவரும் ஆவார்.

எழுதும் மேசைக்கு அருகில்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நூலகரும் உதவி நூலகர்களும் கல்விசார் பணியாளர் தரத்தில் இருப்பவர்கள். பதவி உயர்வுக்கு அவர்களும் ஆய்வு செய்து வெளியிட வேண்டும். பல்கலைக்கழக நூலகர் சங்கம் தனக்கென ஓர் ஆய்விதழே நடத்துகிறது. ஆகவே மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவர் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்ட வலியைத் தானும் அறிந்தவர். அவர் தரும் உதவியில் இது ஒரு பலம்.

நம் மாணவியிடம் திரும்புவோம். அவளது செவ்விகள் தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில். அரைப் பேர் என்று தாய் சொன்னதை அரைநாள் சம்பளம் என்று ஆங்கிலத்தில் எழுதினால், சம்பளம் இருக்கும், பேர் போய்விடும். தோட்டச் சொற்களை அப்படியே வைத்துப் பின்னிணைப்பில் விளக்கம் தரலாம், அதற்கு ஒரே ஒலிபெயர்ப்பு முறையை முழு ஏட்டிலும் காக்கவேண்டும் என்று சொல்லக்கூடியவர் நூலகர். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க சொட்டேரோ போன்ற இலவச மென்பொருளை அவர் காட்டித் தருவார். அந்த மென்பொருளோ குடும்பப்பெயர் கேட்கும். தமிழருக்கு முன்னால் நிற்பது தந்தையின் முதலெழுத்து, பின்னால் நிற்பது சொந்தப் பெயர். விரித்து எழுதினால் எது எதுவென்று கணினிக்குத் தெரியாது. தந்தை பெயரால் ஓரிடத்திலும் தன் பெயரால் இன்னோரிடத்திலும் மேற்கோளாகி, ஒரே ஆய்வாளர் இரண்டு பேராகப் பிளந்துபோவது நடக்கிறது. ஆய்வாளரை அடையாளம் காட்ட 2012இல் தொடங்கிய ஓர்கிட் (ORCID) எண் இந்தப் பிளவைத் தைக்கும் ஊசி. எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் எண் ஒன்றே. தந்தை பெயர், தோட்டப் பிறப்புச் சான்றிதழில் எழுதுவினைஞர் தனக்குத் தோன்றியபடி எழுதிய பெயர் என்று இரண்டு மூன்றைச் சுமக்கும் மலையகப் பிள்ளைக்கு இந்த எண்ணின் அருமை அதிகம்.

ஒப்புமைச் சோதனையிலும் நூலகரின் இடம் காவலாளியுடையதல்ல. மென்பொருள் தரும் விழுக்காடு தீர்ப்பு அல்ல. சட்டத்தின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் நூல் விபரங்களும் கூட ஒப்புமையாக எண்ணப்படலாம். எது களவு, எது மேற்கோள் குறி விடுபட்ட கவனக்குறைவு, எது தவிர்க்க முடியாத சொற்றொடர் என்று உட்கார்ந்து காட்டினால் மாணவி எழுதக் கற்பாள். விழுக்காட்டை மட்டும் சொல்லி அனுப்பினால் சொற்களை மாற்றி ஒளிக்கக் கற்பாள்.

எங்கே வெளியிடுவது

தேயிலைச் செடிக்கு இந்த நாட்டில் 1925இலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1928 முதல் அதற்கென ஒரு காலாண்டு ஆய்விதழும் வந்தது. செடியின் நோய், உரம், கவாத்து பற்றி எழுதியவருக்கு வெளியிடும் இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கொழுந்து பறித்தவர்களோ 1948இல் குடியுரிமை இழந்து, 2003 சட்டம் வரை அதன் மிச்சச் சிக்கலோடு வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றிய எழுத்து சிற்றிதழ்களிலும் சங்க வெளியீடுகளிலும் நினைவு மலர்களிலும் சிதறியது. வெளியிடும் இடம் எது என்பதில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதுதான் இளம் ஆய்வாளரை வலைவிரிப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு, மதிப்பாய்வு ஏதுமின்றி, சில நாளில் ‘சர்வதேச’ இதழில் கட்டுரை போட்டுத் தரும் வணிகத்தை உலகுக்கு அடையாளம் காட்டியவரும் ஒரு பல்கலைக்கழக நூலகர்தான்: கொலராடோவின் ஜெஃப்ரி பீல். வேட்டையாடும் இதழ்கள் என்ற பெயரும் அவர் வைத்தது. அவரது பட்டியலின் அளவுகோல்களைப் பற்றிக் கடும் விமர்சனங்கள் எழுந்தன. 2017இல் அவரே அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பெயர் கிடைத்த பிறகே அந்த மோசடி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இன்று நூலகர் மாணவிக்குச் சொல்லும் சோதனைகள் எளியவை. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறாரா? பழைய இதழ்களைத் திறந்து வாசிக்க முடிகிறதா? கட்டணம் முதலிலேயே சொல்லப்பட்டதா? 2008இல் தொடங்கி, தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பில் இயங்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் நாட்டின் ஆய்விதழ்கள் பல கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. உள்நாட்டுப் பொருளுக்கு உள்நாட்டு இதழே பொருந்தும் இடங்கள் பல. நூலாக்க விரும்புகிறவருக்குச் சர்வதேச நியம நூல் எண் (ISBN) தருவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. அந்த எண் இல்லாமல் வந்த மலையகப் புத்தகங்கள் எத்தனையோ பட்டியல்களில் ஏறாமலே போயின.

உரிமைப் பேச்சும் இங்கேதான் வருகிறது. இதழின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், தன் கட்டுரையின் இறுதி வரைவைப் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் வைக்கும் உரிமை தனக்கு மிஞ்சுகிறதா என்று பார்க்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். வாரிசு யாரென்று தெரியாத பழைய மலையகச் சிற்றிதழை மின்னாக்க நினைப்பவருக்கு இந்த எழுபது ஆண்டு பெரிய சுவர். இருப்பவர்களிடம் இன்றே எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பது நூலகரின் அமைதியான அவசரம்.

முழுப் பேர்

பெரிய நிதி இல்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு. மலையகத் தோட்டங்களின் ஆங்கில, சிங்கள, தமிழ்ப் பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு பெயர்க்கோவையை ஊவா, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்று பல்கலைக்கழக நூலகங்கள் கூடித் தயாரிக்கலாம். மலையகம் பற்றிய ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கேட்டு வாங்கி மின்களஞ்சியத்தில் சேர்க்கலாம். ஆங்கில ஏட்டின் ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலைக்கு அனுப்புவதைவிட அந்த ஒரு பக்கம் லயத்துக்கு விரைவில் போய்ச்சேரும். செவ்வி கொடுத்த தாய் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்; ‘அப்பிடி இல்ல’ என்று திருத்தவும் செய்யலாம்.

ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை இனிப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேற்பார்வையாளருக்கு ஒரு பத்தி இருக்கும். பெற்றோருக்கு ஒரு பத்தி. கடைசியில் ‘நூலக ஊழியர்களுக்கும் நன்றி’ என்று பெயரில்லாமல் ஒரு வரி. சொற்பட்டியல் தந்தவர், தப்பிய நூலை எடுத்துக் கொடுத்தவர், வலையில் விழாமல் தடுத்தவர் எல்லாம் அந்த ஒரு வரிக்குள். செவ்வி கொடுத்த பெண்களுக்கும் பல வேளை அதே கதி. ‘தோட்ட மக்கள்’ என்று மொத்தமாக.

தோட்டத்துக் கணக்கில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: அரைப் பேர்.